பேஜாரு உட்கார்ந்த இடம்

போன மாதம் மூலக்கொத்தளம் இடுகாட்டில் மண்ணாங்கட்டியைப் புதைத்துவிட்டு வந்தோம். கூட வந்தவர்கள் பத்துப் பேர்கூடத் தேறாது; அதிலும் ரெண்டு பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். இதே ஆள் ஒரு காலத்தில் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு ராயபுரம் கடைத்தெருவில் நடந்தால், தராசைப் பிடித்தபடியே கடைக்காரன் எட்டிப் பார்ப்பான். அந்தக் கடைக்காரன் எவனையும் இடுகாட்டுப் பக்கம் காணோம். வரவே வேண்டாம். வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறான்?

என் பேர் இக்னேஷியஸ். காசிமேட்டுக்காரன். அப்பனைப் போலக் கடலுக்குப் போகப் பிடிக்காமல், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்குக் கம்பெனியில் தீயணைக்கிற ஆளாகச் சேர்ந்தேன். அங்கேதான் மண்ணாங்கட்டியின் கீழ் ஏழு வருஷம் நாய் நடத்தினேன். வேட்டை நாய் இல்லை, காவல் நாய் இல்லை. சுவர் இடிந்து, மூட்டை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட மனுஷனை மோப்பம் பிடித்துக் காட்டும் நாய். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்த வழக்கம் எனக்குச் சரிப்படாது. நடந்ததைச் சொல்கிறேன்.

அவன் பிறந்தது வியாசர்பாடியில். அவனுக்கு முன்னால் அவன் அம்மா பெற்ற நாலும் தங்கவில்லை. ஐந்தாவதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு வாங்கினதாகப் பாவனை செய்து, மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள். இப்படிப் பேர் வைத்தால் எமன் 'சீ, இது எதுக்கு' என்று திரும்பிப் போய்விடுவானாம். அப்படியே போய்விட்டான், பொய்யில்லை. ஆனால் அவனைச் சுற்றி இருந்தவர்களை விட்டானா என்ன?

இருபது வயதில் அவனுக்கு நாய்வண்டி வேலை கிடைத்தது. கம்பி போட்ட கூண்டு வண்டி, ஒரு மாடு, கையில் ஒரு சுருக்குக் கயிறு. தெருநாயைப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்வதற்கு ஒப்படைக்க வேண்டும். வண்டி தெருவுக்குள் வந்தாலே பெண்கள் நாயை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னல் வழியாக மண்ணை வாரித் தூற்றுவார்கள். மற்றவர்கள் நாய்க்குப் பின்னால் ஓடி மூச்சு வாங்குவார்கள். இவன் தெருமுனையில் குந்திக்கொண்டு நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் போடுவான். நாய் தானாக வாலை ஆட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறும். நம்பி ஏறின நாயைக் கொலைக்குக் கொடுக்கிறாயே, எப்படி இருக்கும் என்று ஒரு நாள் அவனைக் கேட்டேன். "கலீஜா இருக்கும் மாமு" என்றான்.

நாய்வண்டிக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மூலக்கொத்தளத்தில் குழி வெட்டுகிறவர் வீட்டில் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணையும் வேறு யாரும் கேட்டு வரவில்லை. பச்சையம்மா என்று பேர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். அவளுக்கு ஒரே ஒரு தம்பி, கிருஷ்ணப்பன். அம்மா இல்லாத பிள்ளையை இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அப்பா போன பிறகு இடுகாட்டு வேலை அவன் தலையில் விழுந்தது. பச்சையம்மாவுக்கு உலகத்தில் வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று: தம்பி அந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, நாலு பேரைப் போல ஒரு வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

சீமையில் நடந்த பெரிய சண்டை முடிந்து ஒரு வருஷம் கழித்து எங்கள் கம்பெனிக்குப் பெல்லாமி என்று ஒரு துரை வந்தார், தீயணைக்கும் படைக்குத் தலைவராக. பிரான்சில் சண்டை நடந்தபோது, அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களை நாய்கள் தேடிக் கண்டுபிடித்ததைப் பார்த்தவர். அதே பைத்தியத்தில் சீமையிலிருந்து ரெண்டு நாய் கொண்டுவந்தார். ஒரே கோடையில் ரெண்டும் உண்ணி கடித்துச் செத்தன. வாயில் புகைக்குழாயை வைத்துக்கொண்டு துரை கவலையாகத் தெருவில் நடந்தபோது, மண்ணாங்கட்டி நாக்கைத் தட்ட, நாய் தானாக வண்டியில் ஏறுவதைப் பார்த்தார். மறுநாளே அவன் எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டான். கூடவே அவன் கூண்டிலிருந்து தப்பவைத்த ஒரு செவலைக் குட்டியும் வந்தது. துணியைக் கடிக்கும், செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதன் தொல்லை தாங்காமல் பேஜாரு என்று பேர் வைத்தோம்.

நாயைப் பழக்குவதற்கு முன்னால் அவன் எங்களைப் பழக்கினான். நான், மஜீது, கோதண்டம், மூன்று பேர். "மொதல்ல நீ புதைஞ்சி பாரு. அப்பால நாயப் புடி" என்று எங்களைக் கோணி மூட்டைகளுக்கு அடியில் படுக்கவைத்து, மூச்சுக்கு ஒரு சந்து விட்டு மூடிவிடுவான். நாய் வந்து கண்டுபிடிக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். முதல் தடவை நான் கத்திக் கலாட்டா பண்ணினேன். வெளியே இழுத்துப்போட்டு, "இன்னா மாமு, அதுக்குள்ள அளுதுட்ட? உள்ள கீறவன் இப்பிடித்தான் கீறான். அத்த மறந்துடாத" என்றான். எங்களைத் திட்டாத திட்டு இல்லை. கஸ்மாலம், பேமானி, எல்லாம் எங்களுக்குத்தான். நாயை ஒரு நாளும் திட்டியதில்லை. கயிறு இடது கையில், தொங்கலாக. நாயை இழுக்கக் கூடாது. நாய் வேலை செய்யும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது. நாயை நம்பாதவன் அதன் பின்னால் நடக்கவே கூடாது.

துரை "ஸீக், ஸீக்" என்று இங்கிலீஷில் தேடச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவார். பேஜாரு அவரை மரியாதையாகப் பார்த்து வாலாட்டும். மண்ணாங்கட்டி குனிந்து, இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி அதன் காதோரம் ஒரே வார்த்தை சொல்வான்: "கீதா?" அவ்வளவுதான். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடும். மூட்டைக்கு அடியில் எங்களில் ஒருவன் இருந்தால் நின்று குரைக்கும். 'கீது' என்று பதில் சொல்லுகிறதாம். ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு கொடுப்பான். கடைசியில் துரையும் குனிந்து 'கீட்டா, கீட்டா' என்று சொல்லக் கற்றுக்கொண்டார்.

முதல் வருஷத்தில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சுவர் இடிந்து ரெண்டு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். பேஜாரு ரெண்டு இடத்திலும் குரைத்தது. முதலில் குரைத்த இடத்தை அரை நாள் தோண்டினோம். பிணம் வந்தது. அதற்குள் ரெண்டாவது இடத்தில் இருந்தவனுக்கும் மூச்சுப் போய்விட்டது. துரை தொப்பியைத் தரையில் அடித்தார். உயிருள்ளவனுக்கு மட்டும்தான் நாய் குரைக்க வேண்டும், பிணத்துக்கு வேறு அடையாளம் காட்ட வேண்டும் என்றார். அதைப் பழக்கப் பிண வாடை வேண்டுமே! "இடுகாட்டில் பிணத்துக்குப் போர்த்திய துணி கிடைக்குமே, அதைக் கொண்டுவா" என்று மண்ணாங்கட்டியிடம் சொன்னார்.

மண்ணாங்கட்டி மாட்டேன் என்றுவிட்டான். துரை சொன்ன எதற்கும் மாட்டேன் என்று சொல்லாதவன் இதற்குச் சொன்னான். "கோடித்துணிய உருவறதா? அத்தோட தானே அவன் போறான்? வோணாம் மாமு. என் வூடு வெளங்காது" என்று என்னிடம் சொன்னான். குழியில் இறங்கினவனுக்குக் கடைசியாகக் கிடைப்பது அந்த ஒரு துணிதான், அதையும் நாய்க்குப் போடுவதா என்று அவனுக்கு மனசு வரவில்லை. அதனால் வேறு வழி கண்டுபிடித்தான். மச்சான் கிருஷ்ணப்பன் தினமும் பிணங்களைக் குழியில் இறக்குகிறவன். அவன் இடுப்பில் கட்டிய வேட்டியைத் துவைக்காமல் ஒரு வாரம் அப்படியே கட்டச் சொன்னான். அதில் ஏறாத பிண வாடையா? வாரத்துக்கு ஒரு வேட்டி. மூடி போட்ட தகர டப்பாவில் அதை வாங்கி வருவது என் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூலக்கொத்தளத்திலிருந்து ராயபுரம்வரை நடப்பேன். "மாமனாண்ட சொல்லு, அடுத்த வாரம் புது வேட்டி வாங்கித் தரணும்னு" என்று கிருஷ்ணப்பன் சிரித்துக்கொண்டே கொடுத்தனுப்புவான். முன்பல் ஒன்று உடைந்திருக்கும் அவனுக்கு.

அந்த வேட்டியை மண்ணுக்கு அடியில் புதைத்துவிட்டு "கீதா?" என்பான் மண்ணாங்கட்டி. பேஜாரு போய்க் குரைத்தால் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்து, முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ரெண்டு துண்டு கருவாடு. மூன்றே மாதத்தில் படிந்துவிட்டது. ஆள் இருந்தால் குரைப்பு. வேட்டி இருந்தால் உட்கார்ந்துவிடும். துரை மண்ணாங்கட்டியின் முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்புறம் நாலைந்து விபத்தில் பேஜாரு சொன்னது சொன்னபடியே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் பிணம், குரைத்த இடத்தில் ஆள். மண்ணாங்கட்டி தலைகால் புரியாமல் திரிந்தான். "மன்சன் பொய் சொல்லுவான், நீ சொல்லுவ, நான் சொல்லுவேன். என் பொண்ணு சொல்லாது" என்று நாயைக் காட்டி எல்லோரிடமும் சொல்லுவான்.

துரையிடம் இத்தனை செல்வாக்கு இருக்கும்போது பச்சையம்மா விடுவாளா? தினமும் நச்சரித்தாள். "நாய்க்கெல்லாம் வேல வாங்கித் தர்ற. எந் தம்பிக்கு வாங்கித் தர மாட்டியா?" மண்ணாங்கட்டி துரையிடம் சொல்லி, ரங்கூன் அரிசி இறக்குகிற மாடிக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை வாங்கிக் கொடுத்தான். 1924-ஆம் வருஷம், ஆடி மாதம். கிருஷ்ணப்பன் மண்வெட்டியை இடுகாட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். ஒரு வாரம் அக்கா கையால் எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தான். புதுச் சட்டை, புது வேட்டி. பச்சையம்மா அவனுக்குத் திருவொற்றியூரில் ஒரு பெண்ணைப் பார்த்து, தையில் கல்யாணம் என்று பேசியும் வைத்துவிட்டாள்.

முதல் நாள் வேலைக்குப் போகிற வழியில் கிருஷ்ணப்பன் எங்கள் கொட்டகைக்கு வந்தான். புதுச் சட்டையைக் காட்டத்தான். பேஜாரு வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது, அவன் காலை முகர்ந்தது, பொசுக்கென்று உட்கார்ந்து முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டது. கருவாட்டுக்காக மண்ணாங்கட்டியை ஓரக்கண்ணால் பார்த்தது. "டேய் கிஸ்னா, ஒன்னப் பொணம்னு சொல்லுதுடா!" என்று மஜீது கத்தினான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். மண்ணாங்கட்டி சிரித்தான். கிருஷ்ணப்பனும் உடைந்த பல் தெரியச் சிரித்து, "அக்காவாண்ட சொல்லாதீங்க, இன்னும் ஒரு சீயக்கா தேப்பா" என்றான். சிரித்தோம் ஐயா! கண்ணெதிரே நாய் சொல்லிக் கொடுத்தது, மாடு மாதிரி நின்று சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடாமல் கொட்டியது. அரிசிக் கிடங்கின் ஓடு ஒழுகி, கீழ் அடுக்கு மூட்டைகள் நனைந்து, அரிசி ஊறிப் பெருக்க ஆரம்பித்தது. ஊறின அரிசிக்கு எவ்வளவு பலம் என்று சமைக்கிற பெண்களைக் கேளுங்கள். பானை மூடியையே தூக்கும். ஒன்பதாம் நாள் காலை, வேலை தொடங்கிய சற்று நேரத்தில், பெருத்த மூட்டைகள் தள்ளிக் கடற்கரைப் பக்கத்துச் சுவர் சாய்ந்தது. மேல்மாடி, உத்தரம், ஓடு, மூட்டை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. உள்ளே ஏழு பேர். ஏழாவது ஆள் கிருஷ்ணப்பன்.

நாங்கள் ஓடினோம். பேஜாருவின் கயிறு என் கையில். மண்ணாங்கட்டி முகத்தில் ரத்தம் இல்லை; ஆனாலும் குனிந்து, எப்போதும் போலவே, "கீதா?" என்றான். பேஜாரு மழையில் அந்த மேட்டின் மேல் ஏறியது. முதல் இடத்தில் குரைத்தது. ரெண்டாவது, மூன்றாவது. உச்சிப்பொழுதுக்குள் ஆறு இடத்தில் குரைத்தது. குரைத்த இடமெல்லாம் தோண்டினார்கள், ஒவ்வொருவனாக வெளியே வந்தான். கால் ஒடிந்தவன், கை நசுங்கினவன், ஆனால் உயிரோடு. வெளியே கூடி நின்ற ஜனம் நாயைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆறு முகத்திலும் கிருஷ்ணப்பன் முகம் இல்லை.

கிழக்கு மூலையில் ஓர் உத்தரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன் மேல் சாயாமல் நின்ற பாதிச் சுவர் ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடத்துக்குப் பேஜாரு போனது. முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. உட்கார்ந்து, முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பச்சையம்மா அங்கேதான் வந்து விழுந்தாள். தலைமயிர் அவிழ்ந்து மழைத்தண்ணீர் சொட்டியது. உத்தரத்தின் மேல் காதை வைத்துக் கேட்டாள். "கீறான்! எந் தம்பி கீறான்! தட்றான்யா, சத்தம் கேக்குது! இங்க தோண்டுங்கய்யா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். மண்ணாங்கட்டியும் குனிந்து காதை வைத்தான். மழை இரைச்சல், மண்வெட்டிச் சத்தம், ஜனங்களின் கூச்சல். துரை மேலே ஆடுகிற சுவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மண்ணாங்கட்டியைப் பார்த்தார். "உன் நாய் என்ன சொல்கிறது?" என்று கேட்டார். உயிர் இருக்கிறது என்றால் அந்தச் சுவருக்குக் கீழே ஆட்களை இறக்கலாம். பிணத்துக்காக இன்னும் நாலு பேரைச் சாகக் கொடுக்க முடியாது. நியாயமான கேள்விதான், துரையைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

"உக்காந்துடுச்சி தொர" என்றான் மண்ணாங்கட்டி. பிறகு பெண்டாட்டியின் தோளைப் பிடித்துத் தூக்கினான். "அது மழத் தண்ணி சொட்ற சத்தம் பச்ச. வா. என் பொண்ணு பொய் சொல்லாது."

அவள் அவன் கையைக் கடித்தாள். ரெண்டு கை நகத்தாலும் செங்கல்லைப் பிறாண்டினாள். கடைசியில் நானும் மஜீதும் சேர்ந்து அவளை இழுத்துக்கொண்டு போனோம். கொட்டகையில் சிரித்த நாள் அப்போது எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்று பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வந்ததோ, வந்தும் வாயை மூடிக்கொண்டேனோ, எனக்கே தெரியாது.

பொழுது விடிந்து மழை விட்டது. சுவரைக் கயிறு கட்டி இழுத்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, பிணத்தை எடுப்பதற்காக நானும் மண்ணாங்கட்டியும் தோண்டினோம். உத்தரத்துக்கு அடியில் ஓர் ஆள் மடங்கி உட்காருகிற அளவுக்குச் சந்து இருந்தது. அவன் மேல் ஒரு கல்கூட விழவில்லை. புதுச் சட்டையைக் கழற்றி, மண் விழாமல் தலைக்கு மேல் இருந்த ஓட்டையில் அடைத்திருந்தான். சுற்றி அரிசி மூட்டைகள். பகலெல்லாம், ராவெல்லாம் மழையில் ஊறி ஊறிப் பெருத்து, அந்தச் சந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கியிருக்கின்றன. கையில் ஒரு பாதி ஓடு. அதனால்தான் உத்தரத்தைத் தட்டியிருக்கிறான். மரத்தில் குழி விழுந்திருந்தது. விரல்களில் நகம் இல்லை. கம்பெனி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, உயிர் போய் ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்றார்.

மண்ணாங்கட்டி அழவில்லை. அந்தச் சட்டையை ஓட்டையிலிருந்து உருவி மூக்கில் வைத்து முகர்ந்தான், நாய் முகர்கிற மாதிரியே. பிறகு என்னைப் பார்த்தான். "வேட்டி" என்றான். அந்த ஒரு சொல் போதும், எனக்கும் புரிந்துவிட்டது. வாரம் ஒரு வேட்டி, மூன்று மாதம். அந்தத் துணியில் பிணங்களின் வாடை ஒவ்வொரு வாரமும் வேறு வேறு. ஒரே வாடையாக எப்போதும் இருந்தது கிருஷ்ணப்பன் வாடைதான். அவனைத்தான் பிணம் என்று நாய்க்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். துரை சொன்னபடி கோடித்துணியை உருவியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். செத்தவனுக்கு மரியாதை செய்யப் போய் உயிரோடு இருந்தவனைக் கொன்றோம். டப்பாவைச் சுமந்தவன் நான்.

"பச்சையாண்ட சொல்லாத மாமு" என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். சொல்லவில்லை. கல் விழுந்தவுடனே உயிர் போய்விட்டது, ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படவில்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அவிழ்ந்த தலைமயிரை முடிந்துகொண்டாள். "அப்போ அது மழத் தண்ணிதான்" என்றாள். உள்ளே போய்த் தம்பியைக் குளிப்பாட்டத் தண்ணீர் காய வைத்தாள். மூலக்கொத்தளத்தில், அவன் எத்தனையோ பேருக்குக் குழி வெட்டின மண்ணிலேயே அவனை இறக்கினோம். பேஜாரு குழி ஓரத்தில் வந்து உட்கார்ந்து முன்னங்காலில் தலையை வைத்துக்கொண்டது. அன்றைக்கு அது சொன்னது சரி.

கம்பெனியில் பேஜாருவுக்குப் பித்தளைப் பட்டி போட்டார்கள். ஆறு உயிர் காத்த நாய் என்று வெட்டி எழுதிய பட்டி. மண்ணாங்கட்டிக்கு ஒரு சால்வை. சால்வையைப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எங்களுக்கு ஒரே பாடம்தான் சொல்லிக் கொடுத்தான்: "நாய் உக்காந்தாலும் தோண்டு." ஏன் என்று மஜீது கேட்டான், கோதண்டம் கேட்டான். மறுபடி அதையே சொல்வான். மூன்று வருஷம் இப்படி ஓடியது. பெல்லாமி சீமைக்குப் போய், புதுத் துரை வந்தார். ஒரு சுண்ணாம்புக் காளவாய் சரிந்தபோது, நாய் உட்கார்ந்த இடத்தை மண்ணாங்கட்டி ஒன்றரை நாள் தோண்டவைத்தான். பிணம்தான் வந்தது. "அப்படியானால் நாய் எதற்கு, நீ எதற்கு?" என்று கேட்டார் புதுத் துரை. மறுவாரமே கொட்டகையைப் பூட்டினார்கள். பேஜாருவுக்குப் பிறகு சேர்த்துப் பழக்கிய மற்ற நாய்களைச் சுட்டுவிட்டார்கள். பேஜாருவை மட்டும் இவன் காலில் விழுந்து கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். நாய்வண்டி வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், போகவில்லை. எண்ணூர் உப்பளத்தில் உப்பு வாரினான்.

நான் வாரம் ஒரு தடவை அவன் வீட்டுக்குப் போவேன். போகாமல் இருந்திருக்கலாம். சோற்று வேளையில் பச்சையம்மா முதலில் நாய்க்குத்தான் ஊற்றுவாள். மண்ணாங்கட்டி தட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பான். அவள் வாசலில் நாயின் மண்சட்டியில் கஞ்சியை ஊற்றி, குனிந்து, அதன் காதைத் தடவிக்கொண்டே சத்தமாகச் சொல்வாள்: "துண்ணு கண்ணு. எந் தம்பி கீறானான்னு கேட்டதுக்கு இல்லேன்னு சொன்ன. நான்தான் மழத் தண்ணிய வெச்சிகினு கத்துனேன். நீ பொய் சொல்லாதவ." சொல்லிவிட்டுத் திரும்பி அவனைப் பார்ப்பாள். அவன் சோற்றைப் பிசைவான், பிசைவான், உள்ளே போகாது. பாவி மகள் எவ்வளவு வெள்ளை மனசாக இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். காலை ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. ஏழு வருஷம், நாய் கிழமாகிச் சாகிறவரை. நாய் செத்த பிறகும் ரெண்டு வருஷம் அந்தச் சட்டியைத் தினமும் கழுவி, அதே இடத்தில் கவிழ்த்து வைத்தாள். மண்ணாங்கட்டி அதைத் தாண்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டும், உள்ளே வர வேண்டும்.

உப்பு அவன் காலை அரித்துவிட்டது. புண் ஆறவில்லை. ஒன்றரை மாதம் படுத்துக் கிடந்தான். கடைசி நாள் நான் பக்கத்தில் இருந்தேன். பச்சையம்மா அவன் வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டுக்கொண்டே, "இன்னா சொல்லணும், சொல்லுயா" என்று ரெண்டு தடவை கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் சொல்லாமலே போய்விட்டான்.

புதைத்த மூன்றாம் நாள் நான் அவளைப் பார்க்கப் போனேன். இனி யாருக்காக மறைப்பது? மனசில் வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை. வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேட்டி, டப்பா, சிரித்தது, உத்தரத்தில் விழுந்த குழி, டாக்டர் சொன்னது. அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

"தம்பியக் குளுப்பாட்டுனது யாரு? நான்தான்" என்றாள். "பத்து வெரலையும் மஞ்ச போட்டுக் கயுவுனேன். ஒரு வெரல்லயும் நகம் இல்ல. கல்லு வியிந்த ஒடனே செத்தவனுக்கு நகம் எங்க போவும்?"

பிறகு ஏன் கேட்கவில்லை, ஏன் நாய்க்கு அப்படி ஊற்றி ஊற்றிக் கொஞ்சினாய் என்று கேட்டேன்.

"அது நாய்க்கு சொன்னதா? அவுருக்கு சொன்னது. தெனம் ரெண்டு வேள கேட்டுகினு இருந்தேன். அது மழத் தண்ணி இல்ல பச்ச, அவன்தான் தட்டுனான், நீ சொன்னதுதான் நெசம்னு ஒரு வாட்டி சொல்லுவாரு, சொன்னா கட்டிப் புடிச்சி ரெண்டு பேரும் அளுதுடலாம்னு பன்னெண்டு வருசம் காத்துகினு இருந்தேன். சொல்லவே இல்ல." முறத்தைத் தட்டிக் கல்லை ஒதுக்கினாள். "நீயும் அவுரு செத்தப்பறம்தான் வந்து சொல்ற, இக்னேசு."

நான் எழுந்து நின்றேன். வாசலில் அந்த மண்சட்டி கவிழ்த்தபடியே இருந்தது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், நான் சட்டியைத் தாண்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.